பாப் குரோ அந்த வீட்டைக் காலி பண்ணியிருக்கணுமா?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, 2014, காலை 6.10

நேத்து ராத்திரி இன்னொரு இழையில ஒரு தம்பி மூணு வரி எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்லை. அப்படியே இங்க போடறேன்: "வருஷத்துக்கு ஒண்ணரைக் கோடி சம்பளம். குடியிருந்தது ஏழைங்களுக்குக் கட்டின கவுன்சில் வீடு. இந்த ஆள் போனது லண்டனுக்கு விடிவுகாலம்."

செவ்வாய்க்கிழமை விடியக்காலைல செத்துப்போன மனுஷனைப் பத்தி, அன்னைக்கு ராத்திரியே எழுதின வரி இது. வயசு 52. மாரடைப்புன்னு சொல்றாங்க. பிரிட்டன்ல ரயில், கப்பல், போக்குவரத்துத் தொழிலாளிங்க சங்கமான ஆர்.எம்.டி.க்குப் பொதுச்செயலாளர், பாப் குரோ. துறைமுகத் தொழிலாளி பிள்ளை. 16 வயசுல லண்டன் போக்குவரத்துல தண்டவாள வேலைக்குச் சேர்ந்தவர். 2002-ல பொதுச்செயலாளர் ஆகும்போது சங்கத்துல சுமார் 57,000 பேர். இப்ப ஏறக்குறைய 80,000. ஊர்ல இருக்கற சங்கமெல்லாம் கரைஞ்சு போன பத்து வருஷத்துல இந்த ஒரு சங்கம் வளர்ந்துச்சு.

வீட்டு விஷயத்துக்கு வரேன். 1980-ல அங்க பிரதமரா இருந்த தாட்சர் அம்மா ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. கவுன்சில் வீட்டுல, அதாவது அந்த ஊர் உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடற வீட்டுல இருக்கறவங்க அதே வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கலாம். லட்சக்கணக்கான பேர் வாங்கினாங்க. பல பேர் பின்னாடி நல்ல விலைக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. பாப் குரோ வாங்கலை. கடைசி வரைக்கும் வாடகை கட்டினார். வீடு பொதுச்சொத்தாவே இருக்கட்டும்னு விட்டார்.

இதுல எங்கப்பா திருட்டு இருக்கு? எழுதின தம்பி வந்து பதில் சொல்லட்டும்.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 12, காலை 8.45

ஐயா, எழுதினது நான்தான். ஒரு எழுத்தைக்கூட மாத்தப் போறதில்லை.

நீங்க வாங்கலை வாங்கலைன்னு சொல்றீங்க. நான் கேக்கறது வேற. காலி பண்ணாரா? அந்த ஊர்ல கவுன்சில் வீட்டுக்காகக் காத்திருக்கற குடும்பங்களோட பட்டியல் வருஷக்கணக்குல நீளுது. ஒரு பவுண்டு இன்னைக்கு நூறு ரூபா. 1,45,000 பவுண்டுன்னு அங்க இருக்கற பத்திரிகை எல்லாத்துலயும் வந்துச்சு. அவ்வளவு வாங்கறவர் வெளியில ஒரு வீடு பார்த்துட்டுப் போயிருந்தா, குழந்தைங்களோட ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குள்ள வந்திருக்கும். அவ்வளவுதான் என் கேள்வி.

அப்புறம் லண்டன் சுரங்க ரயில்ல இவர் சங்கம் பண்ண அந்த பிப்ரவரி வேலைநிறுத்தம். 4-ஆம் தேதி ராத்திரி ஆரம்பிச்சு 48 மணி நேரம். மழையில லட்சக்கணக்கான ஜனம் பஸ்ஸுக்கு வரிசையில நின்னுச்சு. எதுக்கு? டிக்கெட் கவுண்டரை மூடக்கூடாதுன்னு. நூத்துல மூணு பயணத்துக்குக்கூட ஜனங்க கவுண்டருக்குப் போறதில்லை, யாரையும் கட்டாயமா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு நிர்வாகம் சொல்லிச்சு. அதுக்கு முந்தி இவர் ரியோ கடற்கரையில வெயில் காய்ஞ்ச படம் பத்திரிகையில வந்துச்சு. வீட்டுல கூலிக்காரர், விடுமுறையில முதலாளி. செத்துட்டார்ங்கறதால இதையெல்லாம் நான் மறந்துடணுமா?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, காலை 9.20

தம்பி, ரியோவுக்குப் போனது அவர் சொந்தக் காசு, சொந்த லீவு. தொழிலாளி கடல் பார்க்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது? நம்ம காசிமேட்டுல தினம் பார்க்கறோமே.

அந்த 1,45,000 கணக்குல பென்ஷன் பிடித்தமும் மத்த சலுகையும் சேர்ந்திருக்கு. கையில வர்ற சம்பளம் அது இல்லை. பத்திரிகைக்காரன் பெரிய எண்ணா போட்டாத்தான் நமக்கு வயிறு எரியும்னு போட்டான். உனக்கு எரிஞ்சுது.

நான் கேட்டதுக்கு வா. வாங்கினாரா?

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 12, காலை 9.31

காலி பண்ணாரா?

லேத் பட்டறை
மார்ச் 12, காலை 10.05

தம்பி கேக்கறது சரியான கேள்வி. பெரியவர் சுத்திச் சுத்தி வர்றார்.

நானும் பட்டறை வெச்சிருந்தவன்தான். மணலி பக்கம் 14 பேர் வேலை பார்த்தாங்க. பெரிய கம்பெனி ஒண்ணுக்கு உதிரிபாகம் போட்டுக் குடுத்தோம். பேரு வேண்டாம். அங்க சங்கம் ஒண்ணரை மாசம் கேட்டை மூடிச்சு. கம்பெனி தாங்கிச்சு. நான் தாங்கலை. வட்டிக்கடன், ரெண்டு லேத்தை வித்தேன். அந்தத் தலைவர் இன்னைக்கும் காரில் போறார். என் 14 பேரோட வீட்டு அடுப்பைப் பத்தி எந்தச் சங்கமும் கேட்கலை.

பம்பாயில மில் தொழிலாளிங்க தலைவர் தத்தா சாமந்த் என்ன ஆச்சு? 1982 ஜனவரியில ஆரம்பிச்ச வேலைநிறுத்தம், ரெண்டரை லட்சம் மில் தொழிலாளி. முடிஞ்சதுன்னு அறிவிக்கவே இல்லை. மில் நிலம் எல்லாம் இன்னைக்கு மால். அவரையும் 1997 ஜனவரியில சுட்டுக் கொன்னாங்க. அன்னைக்கு ஒரு கூட்டம் அழுதுச்சு, ஒரு கூட்டம் சும்மா இருந்துச்சு. சும்மா இருந்தவங்கள்ல அதே மில்லுல வேலை இழந்தவங்களும் உண்டு.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, காலை 10.40

லேத் பட்டறை சார், உங்க நஷ்டத்துக்கு நான் வருத்தப்படறேன், மனசார. ஆனா பம்பாய் மில்லை மூடினது சாமந்த் மட்டும்னு எழுதாதீங்க. புது இயந்திரத்துக்குக் காசு போடாம, நிலத்து விலை ஏறட்டும்னு உட்கார்ந்திருந்த முதலாளிங்க எத்தனை பேர்? நம்ம பின்னி மில் 1996-ல மூடினாங்களே, அன்னைக்கு எந்த சாமந்த் இருந்தார்? பெரம்பூர்ல அந்த நிலத்துல இன்னைக்கு சினிமா செட்டு போடறான்.

நான் கேட்டது லண்டன் வீடு. வாங்கினாரா?

கேட் நம்பர் நாலு
மார்ச் 12, காலை 11.15

முதல்ல அந்தக் கவுன்சில் வீடு நம்ம ஊர்ல எது மாதிரின்னு யாராவது சொல்லுங்க. நம்ம குடிசை மாற்று வாரிய வீடா, ஹவுசிங் போர்டா, இல்ல கம்பெனி குவார்ட்டர்ஸா? ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற. குவார்ட்டர்ஸ்னா வேலை போனா காலி பண்ணணும். வாரிய வீடுன்னா வருமான வரம்பு உண்டு. ஹவுசிங் போர்டுன்னா சம்பளக்காரன் வாடகைக்கே இருக்கலாம். இதைப் பேசாம ரெண்டு பேரும் ஏன் கத்தறீங்க?

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 12, காலை 11.22

எதுவா இருந்தா என்ன? ஏழைக்கு ஒதுக்கினது. அதுல ஏழை இல்லாதவர் இருந்தார்.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, காலை 11.30

ஏழைக்கு மட்டும்னு யார் சொன்னது? அந்த ஊர்ல போர் முடிஞ்சு கட்டினப்போ டிரைவர், வாத்தியார், நர்சு, எல்லாரும் பக்கத்து பக்கத்து வீட்டுல இருக்கணும்னுதான் கட்டினாங்க. சம்பளம் ஏறினவனெல்லாம் வெளியே போ, கஷ்டப்படறவன் மட்டும் உள்ளே கிடன்னு சொன்னது பின்னாடி வந்தவங்க. இங்கயும் அதானே நடந்துச்சு? 1970-ல வாரியம் ஆரம்பிச்சப்போ குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு கட்டினாங்க. இப்ப கூவம் ஓரத்துலேர்ந்து அள்ளிக்கொண்டு போய் கண்ணகி நகர்ல கொட்டறாங்க. பஸ்ஸு செலவுக்கே கூலி போயிடுது.

தெருவுல சம்பாதிக்கறவன் ஒருத்தன் இருந்தாத்தான் தண்ணி லாரி வரலைன்னா அதிகாரிகிட்ட குரல் கொடுப்பான். பாப் குரோ அந்தத் தெருவுல இருந்தார். வாங்கலை. இன்னும் எத்தனை தடவை எழுதணும்?

புளியந்தோப்பு பேத்தி
மார்ச் 12, மதியம் 1.50

காலையிலிருந்து வீடு, வீடு என்று படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்கிறேன், கேளுங்கள்.

1921-ல் பின்னியில் வேலைநிறுத்தம். சென்னைத் தொழிலாளர் சங்கம் நடத்தியது. ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினார்கள். ஏன் திரும்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கையில் சேமிப்பு இல்லாதவன், கிராமத்தில் ஒரு காணி நிலம் இல்லாதவன், கடனுக்கு அரிசி தர ஒரு கடைக்காரன் இல்லாதவன் எத்தனை மாதம் கேட்டுக்கு வெளியே நிற்பான்? 'கருங்காலி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதில் எங்கள் பாட்டியின் அப்பா குடிசையும் ஒன்று. பாட்டி சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா எங்கள் மக்களுக்காகப் பேசினார். சங்கத் தலைவர்கள் பேசியது என்ன என்று திரு.வி.க.வின் பக்தர்கள் சொல்லட்டும்.

பாப் குரோவை எனக்குத் தெரியாது. ஆனால் மூணாம் ஷிப்ட் ஐயா எந்தச் சங்கத் தலைவரையும் தொழிலாளியின் மொத்த உருவமாக எழுதும்போது எனக்கு அந்தக் குடிசைதான் கண்ணில் வருகிறது. லண்டனிலும் அவர் சங்கத்தில் இல்லாத தொழிலாளி இருந்திருப்பான். வேலைநிறுத்த நாளில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கு நடந்தே போனவள் இருந்திருப்பாள். அவள் கணக்கு எங்கே?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, மதியம் 2.30

அம்மா, 1921-ல நடந்தது பாவம். நான் அதை மறைக்கலை. ஆனா அதை இங்க ஏன் கொண்டுவரீங்க? மேனேஜ்மெண்ட் நம்மளைப் பிரிச்சு வெச்சான். அந்தச் சண்டையில ஜெயிச்சது வெள்ளைக்கார முதலாளி.

புளியந்தோப்பு பேத்தி
மார்ச் 12, மதியம் 2.41

பிரித்து வைத்தது முதலாளி என்றால், பிரிந்தவர்களின் குடிசையைக் கொளுத்தியது யார்? 'பாவம்' என்று ஒரு வார்த்தை, உடனே ஒரு 'ஆனா'. 93 வருடமாக அந்த 'ஆனா'வைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பின்னி மணி
மார்ச் 12, மாலை 4.10

தகவல் பிழைகள் வேண்டாம். சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது 1918 ஏப்ரல் 27. தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று கட்டினார்கள். முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் அதுதான். லண்டனைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் பெரம்பூர் பேருந்தில் ஏறி இறங்கினால் போதும்.

மே தினமும் இங்கேதான். 1923-ல் சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் கொடியேற்றினார். அதற்கு முன் இந்தியாவில் யாரும் கொண்டாடவில்லை.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 12, மாலை 4.25

முதல் சங்கம், முதல் மே தினம், எல்லாம் சரி. முதல்ல மூடின மில்லும் நம்மளுதுதானே. அந்தப் பெருமையை வெச்சுக்கிட்டு என் வீட்டுக்காரம்மா பேசின் பிரிட்ஜ்லேர்ந்து தினம் சோழிங்கநல்லூர் போறாங்க. வடசென்னைல வேலை இல்லை, அதனால.

பின்னி மணி
மார்ச் 12, மாலை 4.33

முதலில் மூடியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பம்பாய் மில்கள் 1980-களிலேயே மூடின. வரலாறு தெரியாமல் எழுதாதீர்கள்.

லேத் பட்டறை
மார்ச் 12, மாலை 5.00

வரலாறு தெரிஞ்சு என்ன சார் பண்றது? சோறு போடுமா?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, இரவு 9.15

நாலு பேர் நாலு பக்கம் இழுக்கறீங்க. நான் ஒரே இடத்துல நிக்கறேன்.

வியாசர்பாடியில ரயில் ஏறும்போது போர்டை நிமிர்ந்து பாருங்க. வியாசர்பாடி ஜீவா. யார் அந்த ஜீவா? பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம். தாம்பரத்துல குடிசையில இருந்தவர். காமராசர் முதலமைச்சரா இருந்தப்போ அந்தக் குடிசைக்கே போய்ப் பார்த்தார்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித் தர்றோம். கக்கன் அமைச்சரா இருந்துட்டு வாடகை வீட்டுல வாழ்ந்ததைச் சொல்லிச் சொல்லி நெகிழ்றோம்.

நம்ம தலைவன் எளிய வீட்டுல இருந்தா தியாகி. வெள்ளைக்காரத் தொழிலாளி தலைவன் பிறந்த மாதிரி வீட்டுலயே இருந்தா திருடன். என்னய்யா நியாயம் இது? நாளைக்கே அவர் ஒரு பங்களா வாங்கியிருந்தா இந்தத் தம்பி என்ன எழுதியிருப்பார்? 'தொழிலாளி பேரைச் சொல்லி பங்களா கட்டினான்'னு எழுதியிருப்பார். வாங்கினா திருடன், வாங்கலைன்னாலும் திருடன். அப்ப பிரச்சினை வீடு இல்லை. அந்த மனுஷன் கைகட்டி நிக்கலை, அதான் பிரச்சினை.

லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் இவரை நேர்ல உட்கார வெச்சுப் பேச மறுத்தார். இவர் என்ன பண்ணார்? மேயர் ரேடியோவுல ஜனங்க கேள்விக்குப் பதில் சொல்ற நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். ஊரே கேக்க ரெண்டு பேரும் பேசினாங்க. அப்படி ஒரு ஆளு. நேத்து அதே மேயர் அதிர்ச்சியா இருக்குன்னு அறிக்கை விட்டார். மேயருக்கு இருக்கற பண்பு தண்டையார்பேட்டைக்கு இல்லாம போச்சே.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 12, இரவு 9.50

என் ஊரை இழுக்காதீங்க ஐயா. பண்பைப் பத்தி நீங்க பேசறீங்க, சரி. போன வருஷம் ஏப்ரல்ல தாட்சர் செத்தப்போ உங்க பாப் குரோ என்ன சொன்னார்? ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன்னார். அதுக்கு மேலயும் சொன்னார், அதை இங்க எழுத எனக்குக் கூசுது. பக்கவாதம் வந்து செத்துப்போன 87 வயசுக் கிழவி அவங்க. அன்னைக்கு அவர் பேசினா துணிச்சல், இன்னைக்கு நான் எழுதினா பண்பில்லாதவன். உங்க ஷிப்ட்ல தராசுக்கு ஒரு தட்டுதானா?

ஜீவா கதையும் வேண்டாம். ஜீவா குடிசையில இருந்தார், கையில காசு இல்லாததால இருந்தார். ஒண்ணரைக் கோடி வாங்கிட்டுக் குடிசையில இருந்திருந்தா நீங்களே கேட்டிருப்பீங்க, மீதிப் பணம் எங்கன்னு. காலி பண்ணாரா இல்லையா? ஒரு வார்த்தை. சொல்லுங்க.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, இரவு 10.20

ஒரு வார்த்தை கேட்டே. ஒரு கதை சொல்றேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனி. பேரு சொல்ல மாட்டேன். எனக்கு அப்ப 27 வயசு. குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. வேலைநிறுத்தம் பண்ணோம். 19-ஆவது நாள் கம்பெனி ஆளுங்க வந்து பாத்திரத்தை எல்லாம் தெருவுல வெச்சாங்க. என் வீட்டுக்காரிக்கு ஏழாவது மாசம். ஆடி மாசக் காத்து, எண்ணூர்லேர்ந்து மண்ணை வாரிக்கிட்டு வருது. அவ அண்டாவைக் கவுத்துப் போட்டு அது மேல உட்கார்ந்திருந்தா. எங்க சங்கத் தலைவர் வந்தார். அவரு வீடு ஒரு சந்து தள்ளி, ஓட்டு வீடு. கூட்டிட்டுப் போய் தன் வீட்டு முன்கட்டைக் குடுத்தார். ஆறு மாசம் இருந்தோம். என் மூத்த பையன் அங்கதான் பிறந்தான்.

அந்தத் தலைவரைப் பிடிக்காதவங்க தொழிற்சாலைக்குள்ளயே பாதிப்பேர். கோவக்காரர். நிர்வாகத்துகிட்ட மட்டும் இல்லை, எங்ககிட்டயும் கத்துவார். அவர் ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு வந்து டீ குடிக்கும்போதே சாய்ஞ்சுட்டார். அன்னைக்கும் ஒருத்தன் சொன்னான், 'இனிமே கம்பெனி நிம்மதியா ஓடும்'னு. ஓடலை. ரெண்டு வருஷத்துல பாதிப்பேரை காண்ட்ராக்டுக்கு மாத்தினாங்க.

ஒரு சந்து தள்ளி இருந்தார், அதனால வர முடிஞ்சுது. அண்ணா நகர்ல இருந்திருந்தா சேதி போய்ச் சேர்றதுக்குள்ள ராத்திரி ஆகியிருக்கும். பாப் குரோ ஏன் அந்தத் தெருவை விடலைன்னு எனக்குப் புரியுது. உனக்குப் புரியாது, ஏன்னா உன் பாத்திரத்தை யாரும் தெருவுல வெச்சதில்லை.

கேட் நம்பர் நாலு
மார்ச் 12, இரவு 10.35

ஐயா, நீங்க சொன்னது குவார்ட்டர்ஸ். கவுன்சில் வீடு வேற. அதைத்தான் காலையிலேயே கேட்டேன்.

புளியந்தோப்பு பேத்தி
மார்ச் 12, இரவு 11.05

மூணாம் ஷிப்ட் ஐயா, அந்த அண்டா மேல் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் 'உன் பாத்திரத்தை யாரும் தெருவில் வைத்ததில்லை' என்று எழுதும் முன் யாரிடம் பேசுகிறோம் என்று பாருங்கள். இந்த இழையில் நானும் இருக்கிறேன். எங்கள் பாட்டிக்குத் தெருவில் வைக்கப் பாத்திரமே மிஞ்சவில்லை.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 12, இரவு 11.12

உங்களைச் சொல்லலை அம்மா. தம்பியைச் சொன்னேன்.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 13, காலை 7.30

எங்க அப்பா துறைமுகத்துல கலாசி. எங்க பாத்திரம் எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தா பணக்கார வீட்டுப் பிள்ளைன்னு முடிவு பண்ணிடறீங்க. எங்க அப்பாவுக்கும் சங்கம் இருந்துச்சு. கன்டெய்னர் வந்தப்போ அந்தச் சங்கம் எதுக்கு எதிர்த்துச்சு, யாருக்கு எதிர்த்துச்சுன்னு இன்னும் எனக்குப் புரியலை. எதிர்த்தாங்க, கன்டெய்னரும் வந்துச்சு. இவங்க கவுண்டர் மூடறதை எதிர்த்த மாதிரியேதான். மெஷின் நிக்காது ஐயா. நிக்காத ஒண்ணை நிறுத்தறேன்னு சொல்லி ஊரை நிறுத்தறது எனக்குப் பிடிக்கலை. அதான் என் கோவம். அதுக்கு மேல அந்த வீடு.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 13, காலை 8.00

கலாசி பிள்ளையா நீ? துறைமுகத் தொழிலாளிங்களுக்குத் தலைவரா இருந்த எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையைப் பத்தி உங்க அப்பாகிட்ட கேளு. இலங்கையிலேர்ந்து வந்தவர். 1947-ல பின்னியில நூறு நாள் வேலைநிறுத்தம். 1957-ல இதே வடசென்னை ஜனங்க பார்லிமெண்டுக்கு அனுப்பினாங்க. உங்க அப்பாவுக்குப் பென்ஷன் வருதுன்னா அது வானத்துலேர்ந்து விழலை.

மெஷின் நிக்காதுங்கறே. சரி. கவுண்டரை மூடறேன்னு 950 பேர் வேலையைக் காகிதத்துல கோடு போட்டு அடிக்கும்போது யாராவது ஒருத்தன் எழுந்து 'இரு, அந்த ஆளுங்க எங்க போவாங்க'ன்னு கேக்கணுமா வேண்டாமா? கண்ணு தெரியாதவன், மொழி தெரியாதவன், வீல்சேர்ல வர்றவன் கவுண்டர்ல ஒரு மனுஷ முகத்தைத் தேடுவான். நூத்துக்கு மூணு பேர்னு சொல்றியே, அந்த மூணு பேர் யாருன்னு யோசிச்சியா?

லேத் பட்டறை
மார்ச் 13, காலை 8.20

அந்த மூணு பேருக்காக மீதி 97 பேர் மழையில நிக்கணும். நல்ல கணக்கு.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 13, காலை 8.24

அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. கேக்க முடியாது.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 13, காலை 8.50

தெரியாது தம்பி. வருத்தம்.

ஆனா கேள்வி அப்படியேதான் இருக்கு. வீட்டை அவர் வாங்கலை.

மட்டுறுத்துநர்
மார்ச் 13, காலை 11.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. 1921 பற்றிச் சாதிப் பெயர் சொல்லி ஏசியவர் இந்தக் களத்தில் இனி எழுத முடியாது. மற்றவர்கள் தலைப்பை ஒட்டி எழுதவும். மரியாதை அவசியம்.

பின்னி மணி
மார்ச் 13, காலை 11.40

நீக்கியதில் ஒன்று என்னுடையது. நான் யாரையும் ஏசவில்லை. வாடியா வெளியூர்க்காரர், பார்சி, பிரம்மஞான சபைக்காரர், அவருக்கு ஆலைத் தொழிலாளியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதில் எழுதினேன். வாடியா ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரம்பூர் வந்து பேசினார். எங்கள் தாத்தா கேட்டிருக்கிறார். மட்டுறுத்துநர் ஏன் என் பதிவை நீக்கினார் என்று விளக்க வேண்டும்.

புளியந்தோப்பு பேத்தி
மார்ச் 13, மதியம் 12.15

ஏசியவனை நீக்கியதற்கு நன்றி. ஏசும் வரை காத்திருந்தது ஏன் என்றும் கேட்கிறேன். அந்தப் பதிவு ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாற்பது பேர் படித்திருப்பார்கள். ஒருவர்கூட ஒரு வரி எதிர்த்து எழுதவில்லை. மூணாம் ஷிப்ட் ஐயாவும் அந்த நேரத்தில் இங்கேதான் இருந்தார்.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 13, மதியம் 1.00

அம்மா, நான் அதைப் பார்க்கலை. பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேன். நம்பினா நம்புங்க. என் கண்ணாடி பவர் போனது, நான் என் பதிவுக்கு வந்த பதிலை மட்டும்தான் தேடிப் படிக்கறேன்.

புளியந்தோப்பு பேத்தி
மார்ச் 13, மதியம் 1.08

1921-லும் அதுதான் நடந்தது ஐயா. அவரவர் தங்களுக்கு வந்த பதிலை மட்டும் படித்தார்கள்.

கேட் நம்பர் நாலு
மார்ச் 13, மாலை 6.30

இன்னும் யாரும் சொல்லலை. கவுன்சில் வீட்டுக்கு வருமான வரம்பு உண்டா இல்லையா? உண்டுன்னா தம்பி சொல்றது சரி. இல்லைன்னா பெரியவர் சொல்றது சரி. தெரிஞ்சவங்க சொன்னா முடிஞ்சுது.

லேத் பட்டறை
மார்ச் 13, மாலை 6.41

சட்டம் சரின்னா எல்லாம் சரியா? மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 13, மாலை 7.05

மனசாட்சி இருந்துச்சு. அதனாலதான் வாங்கலை.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 13, மாலை 7.06

மனசாட்சி இருந்திருந்தா காலி பண்ணியிருப்பார்.

மூணாம் ஷிப்ட்
மார்ச் 14, இரவு 8.30

இன்னைக்கு இன்னொரு சாவு. டோனி பென், பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர்கள்ல ஒருத்தர். 88 வயசு. அப்பா பிரபு. அவருக்கு அப்புறம் பட்டம் இவருக்கு வந்துச்சு. 1963-ல அந்தப் பட்டமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு ஜனங்க ஓட்டு வாங்கி சபைக்குப் போனவர். சுரங்கத் தொழிலாளிங்க பக்கம் நின்னவர். ஒரே வாரத்துல ரெண்டு பேர். மனசு சரியில்லை. ரெண்டு பேருக்கும் நம்ம தெருமுனையில ஒரு படம் வெச்சு மாலை போடலாம்னு இருக்கேன். பெரம்பூர் பக்கம் இருக்கறவங்க ஞாயித்துக்கிழமை காலைல வரலாம்.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 14, இரவு 8.52

டோனி பென்னுக்கு நானும் மாலை போடுவேன், அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவர் பல வருஷம் இருந்தது ஹாலண்ட் பார்க்ல பெரிய சொந்த வீடு. தொழிலாளி பக்கம் நிக்க அவருக்கு அந்தத் தெரு வேண்டியிருக்கலை. அப்ப பாப் குரோவுக்கு மட்டும் ஏன் கவுன்சில் வீடு வேண்டியிருந்துச்சு?

மூணாம் ஷிப்ட்
மார்ச் 14, இரவு 9.10

பென் வசதியான குடும்பத்துப் பிள்ளை தம்பி. துறைமுகத் தொழிலாளி பிள்ளைக்கு யார் சொத்து வெச்சுட்டுப் போனா? உனக்கு யார் வெச்சுட்டுப் போனா? ஞாயித்துக்கிழமை வா, நேர்ல பேசலாம்.

தண்டையார்பேட்டை ஐடி
மார்ச் 14, இரவு 9.14

வரேன். பென் படத்துக்கு மட்டும்தான் மாலை கொண்டு வருவேன்.

கேட் நம்பர் நாலு
மார்ச் 14, இரவு 9.30

ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு? எந்தத் தெருமுனை?